ஹேசல் பேங்க்

பாலகிருஷ்ணனுக்கு ஐம்பத்து மூன்று வயது. அதில் இருபத்து நான்கு வருடம், ஜூரோங்கில் இருக்கும் தொழிற்சாலைகளுக்கும் கப்பல் பட்டறைகளுக்கும் ஆள் ஏற்றிப் போகும் ஒரு தனியார் பேருந்து நிறுவனத்தில் வழித்தடம் போட்டுக் கொடுக்கிற வேலை. எந்த பஸ் எத்தனை மணிக்கு எந்த அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே நிற்க வேண்டும், எந்தச் சாலையில் திரும்பினால் ஆறு நிமிடம் மிச்சமாகும், எந்த விளக்கில் வலது பக்கம் திரும்பவே கூடாது என்பதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். மனைவி ஒரு தடவை எழுப்பிக் கேட்டே பார்த்தாள். சொன்னார்.

அப்புறம் அந்த வேலையை ஒரு மென்பொருள் செய்யத் தொடங்கியது. நிறுவனத்தில் கேக் வெட்டி அவரை வழியனுப்பி வைத்தார்கள். கேக்கில் அவர் பெயரில் ஓர் எழுத்து குறைந்திருந்தது. அவர் அதைச் சொல்லவில்லை. ஏழு மாதம் கிளமெண்டி வீட்டில் இருந்தார். எட்டாவது மாதம் மனைவி, "எங்கயாச்சும் போயிட்டு வாங்க, அது போதும்" என்றாள். அப்படித்தான் அனிதாவின் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

அனிதா முப்பத்து நான்கு வயதுப் பெண். ஞாயிறு தவறாமல் விடிவதற்குள் சைக்கிளில் சாங்கி வரை போய்த் திரும்புகிறவள். ஃபேரர் பார்க்கில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில், மூன்று மேசை போட்டு ஒரு சுற்றுலா நிறுவனம் நடத்தினாள். சிங்கப்பூர்க்காரர்களை இங்கிலாந்தின் நாட்டுப்புறத்துக்கு அனுப்பி, மேடும் பள்ளமுமான சாலைகளில் ஒரு வாரம் சைக்கிள் ஓட்ட வைக்கிற தொழில். வாடகை சைக்கிள், இரவு தங்க இடம், பெட்டிகளை ஊர் விட்டு ஊர் கொண்டு சேர்க்க ஒரு வேன், ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வழித்தாள். வழிகாட்டி என்று யாரும் கூடப் போவதில்லை. தாளைப் பார்த்து அவரவரே ஓட்டிக்கொள்ள வேண்டியதுதான். மலை என்று சொல்லிக்கொள்ள நூற்று அறுபது மீட்டருக்கு ஒன்றை வைத்திருக்கும் ஊரில் இதற்கு ஆள் வருவார்களா என்று பாலகிருஷ்ணன் நினைத்தார். வந்தார்கள்.

நேர்முகத் தேர்வு இரண்டு நிமிடம் நடந்தது.

"அங்கிள், சைக்கிள் ஓட்டுவீங்களா?"

"ஓட்டுவேன். புளோக்குல இருந்து எம்ஆர்டி ரயில் ஸ்டேஷன் வரைக்கும்."

"இங்கிலாந்து போயிருக்கீங்களா?"

"இல்ல."

"ரூட் போடத் தெரியுமா?"

"அது ஒண்ணுதான் தெரியும்."

வேலை கிடைத்தது.

முதல் வருடம் எல்லாம் ஒழுங்காகப் போனது. பாலகிருஷ்ணன் கணினியில் வழி போடுவார். மார்ச் மாதம் அனிதா நேரில் போய் ஒவ்வொரு வழியையும் தானே ஓட்டிப் பார்த்துத் திருத்துவாள். இரண்டாம் வருடம் மார்ச்சில், கிளம்புவதற்கு ஒன்பது நாள் இருக்கும்போது, சாங்கி சாலையில் விழுந்து தோள்பட்டை எலும்பை உடைத்துக்கொண்டாள்.

"ஆறு வாரம் அசையக் கூடாதாம்லா" என்றாள். "ஷ்ராப்ஷயர் நாலாம் நாள் ரூட்ல ஒரு பாலத்த மூடிட்டாங்க. புதுசா போட்டாகணும். நீங்களே பாத்துப் போட்டுடுங்க அங்கிள்."

பாலகிருஷ்ணன் போட்டார். இரண்டு நாள் எடுத்துக்கொண்டு, பஸ் வழித்தடம் போடுகிற அதே கவனத்தோடு போட்டார். ஒவ்வொரு திருப்பத்தையும் கணினியில் சாலைப் படமாக எடுத்துப் பார்த்தார். திருப்பங்களை மட்டும்தான் பார்த்தார். நேராகப் போகிற சாலையில் பார்க்க என்ன இருக்கிறது என்பது இருபத்து நான்கு வருட அனுபவம். உயரத்தைக் காட்டும் கோடு ஓரிடத்தில் ஊசி மாதிரி செங்குத்தாக எழும்பி நின்றது. மேம்பாலம், சுரங்கப்பாதை வருகிற இடங்களில் மென்பொருள் இப்படி உளறும் என்று அனிதா முன்பே சொல்லி வைத்திருந்தாள். உளறுகிறது என்று விட்டுவிட்டார். அந்த இடத்துக்கு வரைபடத்தில் 'ஹேசல் பேங்க்' என்று பெயர் போட்டிருந்தது. காலையிலிருந்து ஓட்டிக் களைத்து வருகிறவர்களுக்கு முப்பத்து ஒன்றாவது கிலோமீட்டரில் ஒரு வங்கி இருப்பது நல்லதுதான் என்று அவருக்குப் பட்டது. வழித்தாளில் எழுதினார்: "கி.மீ. 31.4. ஹேசல் பேங்க். இங்கே சற்று ஓய்வெடுக்கலாம். பணம் எடுக்க வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்."

மே மாதம் அந்த வழியில் முதலாவதாகப் போனவர்கள் கதிரேசனும் ரெங்கசாமியும்.

கதிரேசனுக்கு அறுபத்திரண்டு வயது. கப்பல் பட்டறை ஒன்றில் பாதுகாப்பு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ரெங்கசாமிக்கு அறுபது. உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். கதிரேசனின் ஒரே தங்கையைக் கட்டியவர். இருபது வருடமாக இருவரும் ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து சைக்கிள் ஓட்டுகிறார்கள். தங்கை நோயில் விழுந்து இறந்த வாரம் மட்டும் போகவில்லை. அடுத்த வாரம் போனார்கள். அதற்குப் பிறகு டயருக்குக் காற்று எவ்வளவு அடிப்பது என்பதைத் தாண்டி அதிகம் பேசிக்கொள்வதில்லை. பணம் கட்ட வந்த அன்றைக்கு அலுவலகத்திலும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்கள். அனிதா எது கேட்டாலும் ஒருவர் பதில் சொல்வார், மற்றவர் தலையாட்டுவார்.

வாடிக்கையாளர்கள் சாலையில் இருக்கும் நாட்களில் அவசரத் தொலைபேசி பாலகிருஷ்ணன் கையில் இருக்கும். அங்கே பகல் என்றால் இங்கே மாலை. ஒரு வியாழக்கிழமை, மணி எட்டேகால், கீழே சாப்பாட்டுக் கடையில் தோசையைப் பிய்த்துச் சாம்பாரில் நனைத்து வாயில் வைத்த நேரத்தில் அது அடித்தது.

"வணக்கம். கதிரேசன் பேசுறேன். ஒரு சின்ன சந்தேகம்."

"சொல்லுங்க சார்."

"பேங்க் எங்க?"

பாலகிருஷ்ணன் தோசையை விழுங்கினார். "முப்பத்தொண்ணு புள்ளி நாலுல சார்."

"அங்கதான் நிக்கிறேன். போர்டுல ஹேசல் பேங்க்னு போட்டிருக்கு. எதிர்ல ரோடு சுவர் மாதிரி எழும்பி நிக்குது. பக்கத்துல ஒரு செம்மறி ஆடு. வேற எதுவும் இல்ல."

"கட்டடம் எதுவும்…?"

"இல்ல. ஒரு டிராக்டர்காரர் வந்தார், அவர்கிட்ட கேட்டேன். இந்தப் பக்கம் பேங்க்னா மேடுன்னு அர்த்தமாம். பணம் எடுக்கணும்னா பதினோரு மைல் போகணும்னு சொன்னார். நல்ல மனுஷன். எனக்குப் பணம் வேணாம்னு சொல்லிட்டேன்."

பாலகிருஷ்ணனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு கால் ஓடியது. தோசையை அப்படியே விட்டுவிட்டு, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, கடைக்குப் பக்கத்துப் படிக்கட்டில் ஏறினார். கணினி மாடியில் இருந்தது.

"என்ன, மூச்சு வாங்குது? நீங்களும் ஏறுறீங்களா?"

"ரெண்டு மாடி சார்."

"ஓ. இது எத்தனை மாடி வரும்?"

பாலகிருஷ்ணன் பூட்டைத் திறந்து, கணினியைத் தட்டி எழுப்பி, அன்றைக்கு உளறல் என்று விட்ட கோட்டை இப்போது பெரிதாக்கிப் பார்த்தார். ஒன்றே கால் கிலோமீட்டருக்குள் இருநூற்றுப் பத்து மீட்டர் ஏறியது. சில இடங்களில் நூற்றுக்கு இருபத்தைந்து என்று சிவப்பில் எழுதியிருந்தது. அதை ஒரு மாடியின் உயரத்தால் வகுத்தார்.

"எழுபத்தஞ்சு."

மறுமுனையில் ஆடு கத்தியது.

"புரியுது" என்றார் கதிரேசன்.

"ரெங்கசாமி சார் எங்க?"

"மேல போயிட்டார்."

"உங்கள விட்டுட்டா?"

"நான்தான் நின்னுட்டேன். ரெண்டு பேரும் சைக்கிள தள்ளிக்கிட்டு கொஞ்ச தூரம் ஏறினோம். ஓட்ட முடியாது பாருங்க, தள்ளத்தான் முடியும். அப்ப ஒரு விஷயம் சொன்னார். நான் நின்னுட்டேன். அவர் நிக்கல. நான் திரும்பி போர்டுகிட்ட வந்துட்டேன். இருபது நிமிஷம் இருக்கும். இப்ப மேல பனி இறங்கிடுச்சு. ஆள் தெரியல."

"அவருக்கு ஒரு போன் போட்டீங்களா?"

"அவர் போன் என் பையில இருக்கு. பவர் பேங்க்ல சார்ஜ் ஆகுது. இங்க இருக்கிற ஒரே பேங்க் அதுதான்."

இதற்குச் சிரிப்பதா என்று பாலகிருஷ்ணனுக்குத் தெரியவில்லை. சிரிக்கவில்லை. இன்னொரு போனில் வேன் ஓட்டுநரைக் கூப்பிட்டார். மணி அடிக்கவே இல்லை. வேன் அந்த மேட்டுக்கு மறுபக்கம், பள்ளத்தாக்கில் ஒரு மதுக்கடை வாசலில் நிற்க வேண்டும். அங்கே சிக்னல் கிடையாது. வந்த வழியே திரும்பினால் அடுத்த ஊர் ஒன்பது கிலோமீட்டர். போகலாம். ஆனால் மேலே பனியில், போன் இல்லாமல், அறுபது வயது ஆள் ஒருவர் இருக்கிறார்.

பஸ் கம்பெனியில் இதற்கு ஒரு முறை உண்டு. வழி தவறிய ஓட்டுநர் கூப்பிட்டால் திட்டக் கூடாது, கதை கேட்கக் கூடாது. கண்ணுக்கு எது தெரிகிறது என்று மட்டும் கேட்க வேண்டும். அடுத்தது எது தெரிய வேண்டும் என்று சொல்ல வேண்டும். பாலகிருஷ்ணன் சாலைப் படத்தைத் திறந்தார். அந்தப் படம் ஏதோ ஒரு கோடையில், நல்ல வெயிலில் எடுத்தது. வானம் நீலமாக இருந்தது. அதில் ஹேசல் பேங்க் தட்டையாகத் தெரிந்தது. படத்தில் எந்த மேடும் அப்படித்தான் தெரியும் என்பதை அவர் அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டார்.

"சார், நீங்க ஏறுங்க. போன ஆஃப் பண்ண வேணாம். நான் இங்க படத்துல பாத்துச் சொல்லிக்கிட்டே வரேன். மெதுவா தள்ளுங்க. முதல்ல இடது பக்கம் ஒரு கல் சுவர் வரும்."

போன் சட்டைப் பைக்குள் போன சத்தம் கேட்டது. பிறகு சைக்கிள் சங்கிலியின் டிக் டிக் சத்தமும் மூச்சும்.

"கல் சுவர் வந்துச்சு."

"அது முடியிற இடத்துல ஒரு கேட்."

கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது.

"கல்யாணம் பண்ணிக்கப் போறாராம்" என்றார் கதிரேசன்.

"கேட் வந்துச்சா சார்?"

"இன்னும் இல்ல. அறுபது வயசுல. பொண்ணு ஜூரோங்ல பாலர் பள்ளி டீச்சராம். அவங்களும் வீட்டுக்காரர இழந்தவங்களாம். கேட் வந்துடுச்சு."

"நல்லது. மூடியிருக்கா?"

"மூடியிருக்கு."

"மூடியே இருக்கட்டும். அதுக்குள்ள போகக் கூடாது. ரோட்டுலயே போங்க. இப்ப வலது பக்கம் வளையும். வளைவுல உள்பக்கம் ரொம்ப செங்குத்தா இருக்கும். வெளிப்பக்கமா தள்ளுங்க."

"தங்கச்சி போயி மூணு வருஷம் ரெண்டு மாசம் ஆச்சு."

பாலகிருஷ்ணன் மவுஸை நகர்த்தி அடுத்த படத்துக்குப் போனார். நீல வானம், புல், ஒரு முள்மரம். கதை கேட்கக் கூடாது என்பதுதான் முறை. ஆனால் பஸ் ஓட்டுநர்கள் யாரும் அவரிடம் இப்படி ஒரு கதையைச் சொன்னதில்லை.

"சார், தப்பா நினைக்காதீங்க. அவர் இத முதல்ல உங்ககிட்டதான் சொன்னாரா?"

மூச்சு. சங்கிலி. மூச்சு.

"பிள்ளைங்ககிட்ட கூட இன்னும் சொல்லலையாம்."

"சரி சார். வளைவு முடிஞ்சதும் ஒரு முள்மரம் வரும். தனியா நிக்கும்."

முள்மரம் வருவதற்கு ஏழு நிமிடம் ஆனது. படத்தில் அது விரல் நுனி அகலம். பாலகிருஷ்ணன் அந்த ஏழு நிமிடமும் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார். உட்காருவது நியாயமாகப் படவில்லை. ஒரு தடவை தொடர்பு அறுந்தது. மறுபடி கிடைக்கும்வரை அவர் திரையில் தெரிந்த புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிடைத்ததும் முதல் வேலையாக, சொல்ல நினைக்காத ஒன்றைச் சொல்லிவிட்டார்.

"சார், இது என் தப்பு. பேங்க்னா நிஜமாவே பேங்க்னு நினைச்சுட்டேன். மேடுன்னு கம்ப்யூட்டர் காட்டுச்சு. நான்தான் நம்பல."

"நான் முப்பது வருஷம் சேஃப்டி இன்ஸ்பெக்டர்" என்றார் கதிரேசன். "எத்தனையோ பேர விசாரிச்சிருக்கேன். யாரும் இவ்வளவு சுருக்கமா சொன்னதில்ல. ஆனா இப்ப வேணாம். மூச்சு இல்ல. மரம் வந்துடுச்சு."

"இனி எண்ணூறு அடிதான். ரோட்டுக்குக் குறுக்க இரும்புக் கம்பி பதிச்சிருப்பாங்க. மாடு தாண்டாம இருக்க. அதுதான் உச்சி."

"பனி முகத்துல அடிக்குது. சக்கரத்துக்கு முன்னால பத்தடிதான் தெரியுது."

"ரோடு நேராதான் போகுது சார். வேற கிளை கிடையாது. நான் பாத்துட்டேன்." சொல்லிவிட்டு, பார்த்துவிட்டேன் என்று தான் சொன்னதை எவ்வளவு நம்பலாம் என்று எண்ணி மறுபடி ஒரு தடவை பார்த்தார். கிளை இல்லை.

"மாப்பிள்ளை" என்று கதிரேசன் கூப்பிட்டார். போனுக்குள் அல்ல, பனிக்குள். பதில் இல்லை. இன்னும் கொஞ்சம் போய் மறுபடி கூப்பிட்டார். மூன்றாவது தடவை, தூரத்தில், கணக்கு வாத்தியார் குரலில், "இங்க இருக்கேன் மச்சான். கம்பி வழுக்குது, பாத்து வாங்க" என்று பதில் வந்தது.

பாலகிருஷ்ணன் அப்போதுதான் உட்கார்ந்தார்.

போன் சட்டைப் பையிலேயே இருந்தது. துண்டிப்பதா வேண்டாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பேச்சு காதில் விழுந்தது.

"உக்காருங்க மச்சான்."

"உக்காந்தா எந்திரிக்க மாட்டேன்."

"நீங்க திரும்பிப் போயிட்டீங்கன்னு நினைச்சேன்."

"உங்க போன் என்கிட்ட இருக்கு."

பிறகு ரெங்கசாமி சொன்னார்: "கீழயே சொல்லியிருக்கலாம். ஊர்லயே சொல்லியிருக்கலாம். மூணு நாளா சொல்லணும்னுதான் ஓட்டிக்கிட்டு வரேன். உங்களுக்கு மூச்சு இருந்தா சண்டை போடுவீங்கன்னு பயம்."

"மேட்டுல சொன்னீங்க."

"ஆமா."

"கெட்டிக்காரத்தனம்தான்."

ஒரு பொட்டலம் பிரிக்கிற சரசரப்பு. "முறுக்கு ஒண்ணுதான் மிச்சம்" என்று யாரோ சொன்னார். அது யார் என்று பாலகிருஷ்ணனுக்குப் பிரித்தறிய முடியவில்லை. அத்தோடு தொடர்பு போய்விட்டது. சிக்னல் போயிருக்கலாம். யாராவது துண்டித்தும் இருக்கலாம்.

ஒன்பதே முக்காலுக்கு வேன் ஓட்டுநரிடமிருந்து செய்தி வந்தது. இருவரும் வந்து சேர்ந்தார்கள், நனைந்திருக்கிறார்கள், சாப்பிடுகிறார்கள் என்று அதில் இருந்தது. பாலகிருஷ்ணன் கீழே இறங்கினார். கடைக்காரர் அவருடைய தோசையைத் தட்டால் மூடி வைத்திருந்தார். ஆறிப்போனதைச் சாப்பிட்டுவிட்டுக் கிளமெண்டிக்கு ரயில் ஏறினார்.

மறுநாள் காலை அனிதா வந்து பையைக் கழற்றி வைப்பதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். பேருந்து நிறுவனத்தில் கேக் வெட்டியபோது இருந்ததைவிட அவர் நெஞ்சு கனமாக இருந்தது. அங்கே அவர் தப்பு எதுவும் செய்யவில்லை.

அனிதா அந்தக் கோட்டைத் திரையில் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"அங்கிள், இருபத்தஞ்சு பர்சன்ட்."

"ஆமா."

"நானே இதுல இறங்கித் தள்ளிக்கிட்டுத்தான் போவேன்."

"ராஜினாமா எழுதி வச்சிருக்கேன்."

"அதெல்லாம் வேணாம்லா. கோட்டுல வர்ற ஸ்பைக்க நம்பாதீங்கன்னு சொன்னது நான்தான். யாரையும் அனுப்பிப் பாக்காம ரூட்ட விட்டதும் நான்தான்." அவள் நாற்காலியில் சாய்ந்தாள். "நீங்க மேட்டுல ஓட்டினதே இல்லல்ல? ஞாயித்துக்கிழமை ஏழு மணிக்கு மவுண்ட் ஃபேபர் அடிவாரத்துக்கு வந்துடுங்க. ஹெல்மெட் நான் கொண்டு வரேன்."

மவுண்ட் ஃபேபர் நூற்றுச் சொச்சம் மீட்டர். பேருந்து நாட்களில் பாலகிருஷ்ணன் அந்த மேட்டுக்கு நான்கு நிமிடம் என்று கணக்கு வைத்திருந்தார். எம்ஆர்டிக்கு ஓட்டும் மடக்கு சைக்கிளில் அன்றைக்கு ஏறத் தொடங்கி, இரண்டாவது வளைவில் கண்ணில் பூச்சி பறக்க, மூன்றாவதில் இறங்கிவிட்டார். அனிதா அவருக்குப் பக்கத்தில் ஒரு கையால் ஓட்டியபடியே வந்தாள். காலை நடை போகிற வயதான சீனப் பெண்மணிகள் மூவர் அவரைத் தாண்டிப் போனார்கள். ஒருத்தி கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள். உச்சியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தபோது, ஹேசல் பேங்க் இதைப்போல் இரண்டு என்று நினைத்துக்கொண்டார். இரண்டாவது, முதலாவதன் தலையிலிருந்து தொடங்கும். கதிரேசன் அதை ஏறிக்கொண்டே கல்யாண விஷயமும் பேசியிருக்கிறார்.

அந்த வாரத்திலிருந்து ஒரு மாதம், நிறுவனத்தின் நாற்பத்தொரு வழித்தாள்களையும் ஒன்று விடாமல் திரும்ப எழுதினார். நேராகப் போகிற சாலைகளையும் அடி அடியாகப் பார்த்தார். நூற்றுக்கு இத்தனை என்கிற கணக்கு சிங்கப்பூர்க்காரருக்குக் காலில் உறைக்காது என்பதால், ஒவ்வொரு மேட்டுக்கும் மாடிக் கணக்கும் போட்டார். "கி.மீ. 12. இங்கிருந்து பதினெட்டு மாடி. லிஃப்ட் பழுது என்று நினைத்துக்கொள்ளவும்." அனிதா கடைசி வாக்கியத்தை எடுத்துவிடச் சொல்வாள் என்று எதிர்பார்த்தார். அவள் சொல்லவில்லை. ஜூனில் போன ஒரு கூட்டம், வேறு எங்கும் இவ்வளவு தெளிவாகப் பயந்ததில்லை என்று எழுதி அனுப்பியது.

ஆகஸ்டில் ஒரு மத்தியானம் ரெங்கசாமி அலுவலகத்துக்கு வந்தார். கையில் பத்திரிகை. மணப்பெண் பெயர் பாக்கியலட்சுமி என்றிருந்தது. ரேஸ் கோர்ஸ் ரோட்டில் ஓர் உணவகத்தின் மேல்மாடியில் பதிவுத் திருமணமும் விருந்தும்.

"நாப்பது பேர்தான். நீங்க கண்டிப்பா வரணும், வீட்டுக்காரம்மாவோட."

"வரோம் சார்." பாலகிருஷ்ணன் பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கதிரேசன் சார்…?"

"ஞாயித்துக்கிழமை எப்பவும் போல ஓட்டுறோம். கல்யாணத்தப் பத்திப் பேசுறதில்ல. போன வாரம் டயருக்கு எவ்வளவுன்னு கேட்டார். எண்பதுன்னேன்." ரெங்கசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பதிவுக்கு ரெண்டு சாட்சி வேணும். ஒருத்தர் அவங்க அக்கா. இன்னொருத்தர் மச்சான்னு நினைச்சு, அவர் ஐசி கார்டு நம்பர் வேணும்னு அவருக்கே மெசேஜ் போட்டேன். எதுக்குன்னு அவர் கேக்கல. நம்பர மட்டும் அனுப்பினார்."

"அப்ப வருவார்."

"நம்பர்தான் வந்திருக்கு."

கல்யாணத்தன்று பாலகிருஷ்ணனும் மனைவியும் சரியான நேரத்துக்குப் போய்விட்டார்கள். ரெங்கசாமி வெள்ளை வேட்டி சட்டையில், தேர்வு அறைக்கு வெளியே நிற்கும் மாணவன் மாதிரி நின்றுகொண்டிருந்தார். பாக்கியலட்சுமி ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க, நிமிர்ந்து உட்காரும் பெண்மணி. மெல்லிய பச்சைப் பட்டு. மேசையின் இரு பக்கமும் சாட்சிகளுக்கு நாற்காலி போட்டிருந்தது. ஒன்றில் அவர் அக்கா. மற்றது காலி. ரெங்கசாமியின் மகனும் மகளும் முன்வரிசையில், எதைப் பார்ப்பது என்று தெரியாமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திருமணத்தை நடத்தி வைக்கிற அதிகாரி பத்து நிமிடம் பொறுத்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அறுபது வயது மாப்பிள்ளையிடம் அதிகாரிகள் கொஞ்சம் கூடுதலாகவே பொறுமை காட்டுவார்கள்.

"வேற யாராச்சும் இருக்காங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

ரெங்கசாமி அறையைச் சுற்றிப் பார்த்தார். பார்வை பாலகிருஷ்ணனிடம் வந்து நின்றது. பாலகிருஷ்ணன் அடையாள அட்டை இருக்கிறதா என்று பணப்பையைத் தொட்டுப் பார்த்தார். இருந்தது. எழுந்திருக்கலாமா என்று அவர் முட்டியில் கை ஊன்றியபோது, மனைவி அவர் கையைப் பிடித்து, "கொஞ்சம் இருங்க" என்றாள். அவள் முகம் கதவுப் பக்கம் இருந்தது.

கதிரேசன் உள்ளே வந்தார். முழுக்கைச் சட்டை இஸ்திரி போட்டிருந்தது. நெற்றியில் விபூதி. கையில் ஒரு பை. யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை, காரணமும் சொல்லவில்லை. நேராக வந்து காலி நாற்காலியில் உட்கார்ந்து, அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். அதிகாரி அதைச் சரிபார்த்தார். பேனா நீட்டினார். கதிரேசன் கையெழுத்துப் போடுவதற்கு முன் தாளை மேலிருந்து கீழ்வரை படித்தார். பாதுகாப்பு ஆய்வாளர் பழக்கம். படித்து முடித்து நிமிர்ந்தபோது மணப்பெண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க சைக்கிள் ஓட்டுவீங்களா?" என்று கதிரேசன் கேட்டார்.

"இல்லண்ணே. சின்ன வயசுல கூடக் கத்துக்கல."

அவர் அண்ணே என்றது அறையில் எல்லோருக்கும் கேட்டது. கதிரேசனின் பேனா தாளுக்கு மேலே அப்படியே நின்றது. ரெங்கசாமியின் மகள் போனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"பரவால்ல" என்றார் கதிரேசன். "கத்துக்க வேணாம். நாங்க ஞாயித்துக்கிழமை பத்து மணிக்குத் திரும்பிடுவோம். சாங்கில ஒரு கடையில சாப்பிடுவோம். நீங்க பஸ்ல வந்துடுங்க."

கையெழுத்துப் போட்டார்.

விருந்தில் கதிரேசன் பாலகிருஷ்ணனுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பாயசம் இரண்டு தடவை வாங்கினார். கொண்டு வந்த பையில் என்ன என்று பாலகிருஷ்ணனின் மனைவி கேட்டாள். தங்கையின் புடவை ஒன்று, புதிது, கட்டாமலே இருந்தது, கொடுப்பதா வேண்டாமா என்று வீட்டு வாசலில் நின்று யோசித்ததில்தான் நேரமாகிவிட்டது என்றார்.

"குடுத்துட்டீங்களா?"

"இன்னும் இல்ல" என்று சொல்லி, பையைத் தன் நாற்காலிக்கு அடியில் பத்திரமாகத் தள்ளி வைத்துவிட்டு, அவர் மோர் கேட்டார்.